பரீட்சை ஹாலில் கேட்ட மடுவத்துக் குரல்

பரீட்சை எழுதும்போது, பக்கத்தில் இருக்கும் முட்டாளைப் பார்த்து நீங்கள் எப்போதாவது காப்பி அடித்திருக்கிறீர்களா? கோபப்படாதீர்கள். காப்பி அடித்தீர்களா இல்லையா என்பது உங்கள் சொந்த விஷயம். முட்டாளைப் பார்த்து அடித்தீர்களா என்பதுதான் என் கேள்வி. இரண்டாயிரத்து ஒன்றாம் ஆண்டு, மழைக்காலத்தில், கோத்தகிரிப் பக்கம் இருந்த ஒரு சின்னத் தனியார் கல்லூரி, இதற்குப் பதில் தெரிந்துகொள்ள ஒரு விசாரணைக் குழுவையே கூட்ட வேண்டியிருந்தது. கூட்ட வைத்தவர் அன்னக்கிளி. பத்தாம் வகுப்புப் படித்தவர், தோட்டத் தொழிலாளி, அந்த மலையிலேயே பெரிய தொண்டைக்குச் சொந்தக்காரர்.

அன்னக்கிளி பிறந்தது இலங்கை மலைநாட்டில், ஒரு தேயிலைத் தோட்டத்தில். இரண்டு அரசாங்கங்கள் உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டு, இத்தனை லட்சம் பேர் உனக்கு, இத்தனை லட்சம் பேர் எனக்கு என்று மனிதர்களைப் பங்கு பிரித்துக்கொண்ட காலத்தில், அப்பா அம்மாவோடு கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கினார். அப்போது சிறுமி. அங்கிருந்து மண்டபம் முகாம். முகாமிலிருந்து கீழ் கோத்தகிரியில் ஒரு எஸ்டேட். மலை மாறியது, தேயிலையும் கூடையும் லயத்துக் காம்பராவும் மாறவில்லை. லயம் என்பது வரிசையாக ஒட்டிக் கட்டிய தொழிலாளர் குடியிருப்பு, அதில் ஒரு குடும்பத்துக்கு ஒரு அறைதான் காம்பரா. ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் கஷாயம் வைக்கலாம்.

கொழுந்து நிறுக்கும் கொட்டகையை இலங்கையிலிருந்து வந்தவர்கள் மடுவம் என்பார்கள். அங்கே ஒரு வழக்கம் இருந்தது. தராசுக்காரர் எடையைத் தொண்டைக்குள்ளேயே முணுமுணுப்பார், கணக்குப்பிள்ளை எழுதிக்கொள்வார். சாக்கு ஈரம், முற்றின இலை என்று கழித்தது போக மிச்சம் எவ்வளவு என்பது பறித்தவளுக்குச் சம்பள நாளன்றுதான் தெரியும். கேட்டால் சண்டை. கேட்காவிட்டால் நஷ்டம். அன்னக்கிளியின் அம்மா கேட்காமலே இறந்துபோனார்.

ஒரு மழைநாளில் தராசுக்காரருக்குக் காய்ச்சல் வந்தது. படித்த பிள்ளையாயிற்றே என்று அன்னக்கிளியைத் தராசில் நிறுத்தினார்கள். அவர் முதல் ஆளின் பெயரைச் சொன்னார், எடையைச் சொன்னார், கணக்குப்பிள்ளை பேனாவைத் தாளில் வைக்கும் முன்பு அதையே இன்னொரு தடவை சொன்னார். வரிசையின் கடைசியில் நின்ற பெண்கள் நிமிர்ந்து பார்க்கும்படி சொன்னார். கணக்குப்பிள்ளை காதைப் பொத்திக்கொண்டார்.

"எனக்கென்னா காது செவிடா, புள்ள?"

"ஒங்களுக்குச் சொல்லலீங்க ஐயா. கடைசியில நிக்கிறவுகளுக்குச் சொல்றேன்."

அவ்வளவுதான். காய்ச்சல் குணமாகித் தராசுக்காரர் திரும்பி வந்தபோது வரிசையில் நின்ற பெண்கள் அவரை ஒப்புக்கொள்ளவில்லை. சத்தமாகச் சொல், இரண்டு தடவை சொல், இல்லாவிட்டால் அந்தப் புள்ளையைக் கூப்பிடு என்றார்கள். கூப்பிட்டார்கள். அதன்பிறகு பல வருஷம் அந்த மடுவத்தில் அன்னக்கிளியின் குரல்தான். கட்சியோ சங்கமோ சாதிக்காததை ஒரு தொண்டை சாதித்தது: அந்த எஸ்டேட்டில் எடைத் திருட்டு நின்றது.

ஆனால் அந்த வேலை அவரிடம் ஒரு பழக்கத்தை விட்டுச்சென்றது. அவருக்கு மெதுவாகப் பேச வராது. எங்கள் வீட்டு ரகசியம் தெரிய வேண்டுமானால் எஸ்டேட்டின் அடுத்த டிவிஷனில் போய் நில்லுங்கள், அங்கேதான் தெளிவாகக் கேட்கும் என்று அவர் கணவர் ரவிக்குமார் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். இன்னொன்றும் அன்னக்கிளியின் மூளையில் அழுத்தமாகப் பதிந்துவிட்டது. முணுமுணுப்பு என்றால் அங்கே களவு நடக்கிறது. நேர்மையான காரியம் நாலு பேருக்குக் கேட்கும்படிதான் நடக்கும். இந்த நம்பிக்கைதான் பின்னால் ஒரு பரீட்சை ஹாலையே கவிழ்த்தது.

அடுத்த காம்பராவில் தங்கையா குடும்பம். தங்கையா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுபவர், மனைவி விஜயா கொழுந்து பறிப்பவர், மகள் வாசுகி. வாசுகிக்கு ஒரு தடவை கேட்டால் மறக்காது. ஆனால் புத்தகத்தைத் திறந்தால் எழுத்துகள் அவளிடம் பிடி கொடுக்காது. ஒரு வரியைப் படித்து முடிப்பதற்குள் மற்றப் பிள்ளைகள் பக்கத்தைப் புரட்டியிருப்பார்கள். எழுதினால் எழுத்துகள் இடம் மாறும், சில காணாமலே போகும். பள்ளிக்கூடத்தில் அடித்தார்கள். சோம்பேறி என்றார்கள், மக்கு என்றார்கள். வீட்டில் அடிக்கவில்லை, சாமியாரிடம் அழைத்துப்போனார்கள். குலதெய்வத்தைக் கடலுக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு வந்த குற்றம் என்று அவர் கண்டுபிடித்தார். கையில் தாயத்துக் கட்டினார். சேவல் ஒன்று உயிரை விட்டது. எழுத்து ஒன்றும் நகரவில்லை.

நகராது. பார்வையில் கோளாறு இல்லை, புத்தியில் குறை இல்லை, தெய்வத்துக்கும் இதில் வேலை இல்லை. எழுதிய எழுத்தையும் அதன் ஒலியையும் மூளை சேர்க்கிற விதம் சிலருக்கு வேறு மாதிரி அமைந்திருக்கிறது. உலகம் முழுவதும், எல்லா மொழியிலும், எல்லா சாதியிலும் இப்படிப் பிறக்கிறார்கள். கற்றல் குறைபாடு என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். கற்பிக்கிறவர்களின் குறைபாட்டுக்கு இன்னும் யாரும் பெயர் வைக்கவில்லை.

பத்தாம் வகுப்பில் வாசுகி முதல் தடவை தேறாதபோது அன்னக்கிளி ஒரு வழி சொன்னார். நான் வாசிக்கிறேன், நீ கேள். சாயங்காலம் மடுவத்து வேலை முடிந்து, கால் கழுவி, வாசற்படியில் உட்கார்ந்து அவர் பாடப்புத்தகத்தை வாசிக்க ஆரம்பித்தார். அவருக்குத் தெரிந்த ஒரே குரலில் வாசித்தார். லயம் முழுவதும் கேட்டது.

முதலில் சிரித்தார்கள். பிறகு பாத்திரம் கழுவுகிற பெண்கள் சத்தம் வராமல் கழுவினார்கள். பத்தாவது தேறி, பன்னிரண்டாவது தட்டுத்தடுமாறித் தேறி, வாசுகி கல்லூரியில் வரலாறு சேர்ந்தபோது அந்த லயமே அவளோடு வரலாறு சேர்ந்துவிட்டது. வாசிப்பது அன்னக்கிளி. புரியாத இடத்தில் அவர் நிறுத்துவார், அவருக்குப் புரியாத இடங்கள் நிறைய. வாசுகி விளக்குவாள். அரசனுக்கு ஏன் பணம் போதவில்லை, பிரபுக்கள் ஏன் வரி கட்டவில்லை, ரொட்டி விலை ஏன் ஏறியது என்று லயத்துப் பேச்சில் பிட்டுப் பிட்டு வைப்பாள். பிரான்ஸ் தேசத்து அரசன் மாறுவேஷத்தில் தப்பி ஓடி, வழியில் பிடிபட்ட அன்றைக்குச் சீட்டு விளையாடிக்கொண்டிருந்த ஆண்கள் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தார்கள். ராணியின் ஆடம்பரத்தைக் கேட்ட ஒரு பெண், அந்த மகராசியை ஒரே ஒரு நாள் நம்ம மலைக்குக் கொழுந்து பறிக்க அனுப்பியிருந்தால் புரட்சியே தேவைப்பட்டிருக்காது என்றாள். எந்தப் பல்கலைக்கழகத்தில் இப்படி ஒரு வகுப்பு நடந்திருக்கிறது, சொல்லுங்கள்.

இதே வருஷங்களில்தான் தேயிலை விழுந்தது. நம் தேயிலையை வாங்கிக்கொண்டிருந்த பெரிய தேசம் முன்பே உடைந்திருந்தது, வெளியிலிருந்து மலிவுத் தேயிலை வந்தது, ஏலத்தில் விலை சரிந்தது. பச்சைத் தேயிலையை வாங்க ஆளில்லாமல் சிறு விவசாயிகள் ரோட்டில் கொட்டிப் போராடினார்கள். எஸ்டேட்டில் வாரத்துக்குப் பாதி நாள்தான் வேலை. மீதி நாளில் மலை சும்மா இருந்தது, அடுப்பும் சும்மா இருந்தது. அதே மலையில், அதே செடியில், அதே கைகள் பறித்த இலைக்கு நேற்று ஒரு விலை, இன்று பாதி விலை. பறித்தவளை யாரும் கேட்கவில்லை. திருப்பூர் பனியன் கம்பெனிகளிலிருந்து ஏஜெண்டுகள் வேனோடு வந்தார்கள். படிப்பை விட்ட பெண்கள் பையோடு ஏறினார்கள். ஒவ்வொரு வேனுக்கும் லயத்தில் ஒரு காம்பரா அமைதியானது.

வாசுகி முதல் பருவத் தேர்வில் ஒரே ஒரு பாடத்தில் தேறினாள். இரண்டாம் பருவத்தில் அதுவும் இல்லை. தங்கையா கொடுமைக்காரர் அல்ல, கணக்குத் தெரிந்தவர். இன்னும் ஒரு பருவம் பார்ப்போம், இதிலும் போனால் திருப்பூர் வேன் என்று சொல்லிவிட்டார். வாசுகி எதிர்த்துப் பேசவில்லை. அவளுக்கும் கணக்குத் தெரியும்.

கல்லூரியில் ஒருவர் மட்டும் அவளைக் கவனித்திருந்தார். வரலாற்று விரிவுரையாளர் ஜஸ்டஸ். வகுப்பில் கேள்வி கேட்டால் இந்தப் பெண் சொல்லும் பதிலுக்கும் விடைத்தாளில் கிடக்கும் எழுத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்பது அவருக்கு உறுத்தியது. அவர் சாமியாரிடம் போகவில்லை, நூலகத்துக்குப் போனார். பிறகு வாசுகியைக் கோயம்புத்தூருக்கு அழைத்துப்போய் ஒரு மனநல மருத்துவரிடம் காட்டினார். மருத்துவர் சோதித்துப் பார்த்துச் சான்றிதழ் கொடுத்தார். சொல்வதை எழுத ஓர் ஆள், கூடுதல் நேரம், தனி அறை. இவ்வளவும் கொடுக்கலாம் என்று பல்கலைக்கழகம் அனுமதித்தது. எழுதுகிறவர் அந்தப் பாடத்தைக் கல்லூரியில் படித்திருக்கக் கூடாது என்பது நிபந்தனை. பத்தாவது படித்த, கையெழுத்து முத்து முத்தாக இருந்த அன்னக்கிளியைவிடப் பொருத்தமான ஆள் யார்? எஸ்டேட்டில் வேலையும் இல்லை. லீவு கேட்கக்கூட வேண்டியிருக்கவில்லை.

பரீட்சை நாள் வந்தது. மழை. தனி அறை கேட்டால், தனி அறை ஒழுகுகிறது, அதில் உடைந்த பெஞ்சுகள் கிடக்கின்றன, இந்தத் தடவை ஹாலிலேயே ஓரமாக உட்கார்ந்து சமாளியுங்கள் என்றார்கள். ஜஸ்டஸ் வாதாடினார். ஒரு பெண்ணுக்காகப் பெஞ்சுகளை யார் தூக்குவது என்று பதில் வந்தது. அன்றைக்கு ஹாலை மேற்பார்த்தவர் கிருஷ்ணம்மாள் மேடம். அவர் அன்னக்கிளியிடம் கண்டிப்பாகச் சொன்னார்: பொண்ணு சொல்வதற்கு மேல் ஒரு வார்த்தை சேர்த்தாலும் ஒரு வார்த்தை விட்டாலும் இரண்டு பேரையும் வெளியே அனுப்பிவிடுவோம்.

அன்னக்கிளி பயந்துபோனார். இப்போது அவர் மூளை வேலை செய்த விதத்தைப் பாருங்கள். நான் ஒன்றும் சேர்க்கவில்லை, ஒன்றும் விடவில்லை என்று இந்த மேடத்துக்கு எப்படித் தெரியும்? மடுவத்தில் எப்படித் தெரிந்ததோ அப்படித்தான். கேள்வித்தாளை எடுத்தார். முதல் கேள்வியை ஹால் முழுவதற்கும் கேட்க வாசித்தார். வாசுகி காதோடு காதாக ஒரு வாக்கியம் சொன்னாள். அன்னக்கிளி அதை எழுதும் முன்பு, தராசில் நின்று எடையைத் திருப்பிச் சொல்வது மாதிரி, உரக்கத் திருப்பிச் சொன்னார். பிறகுதான் எழுதினார்.

கிருஷ்ணம்மாள் ஓடிவந்தார். "ஏனுங்க, மெதுவாப் படிங்க. இது பரிச்ச ஹாலுங்க."

"மெதுவாத்தாங்க படிக்கிறேன்" என்றார் அன்னக்கிளி. அவர் பொய் சொல்லவில்லை. அவரிடம் இருந்ததிலேயே மெதுவானது அதுதான்.

கூரைத் தகரத்தில் மழை அடித்துக்கொண்டிருந்ததால் கொஞ்ச நேரம் சமாளிக்க முடிந்தது. பிறகு மழை நின்றது. அன்னக்கிளியின் குரல் மட்டும் தனியாக நின்றது. முதலில் பிள்ளைகள் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார்கள். அடுத்த வாக்கியத்துக்குச் சிரிப்பு குறைந்தது. அதற்கடுத்த வாக்கியத்துக்கு ஒவ்வொரு தலையாகக் குனிந்தது. பேனாக்கள் ஓட ஆரம்பித்தன. கிருஷ்ணம்மாள் ஒரு மூலையில் அதட்டினால் மறு மூலையில் எழுதினார்கள். அன்னக்கிளிக்கோ, ஊரே கவனமாகக் கேட்கிறது, நம் நேர்மைக்குச் சாட்சி கூடிவிட்டது என்று ஒரே திருப்தி.

முதல்வர் எல்லப்பன் வராந்தாவில் நடந்து வந்தார். பிரெஞ்சுப் புரட்சியின் காரணங்கள் ஜன்னல் வழியாகத் தெள்ளத்தெளிவாக அவர் காதில் விழுந்தன. உள்ளே வந்தார். நிறுத்தினார். எல்லா விடைத்தாள்களையும் வாங்கிக்கொண்டார். வாசுகியையும் அன்னக்கிளியையும் வெளியே போகச் சொன்னார்.

அன்று சாயங்காலம் லயத்தில் யாரும் வாசிக்கவில்லை. தன் தொண்டையால்தான் அந்தப் பெண்ணின் படிப்புப் போனது என்று அன்னக்கிளிக்குப் புரிந்துவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக மனைவி பேசுவது தனக்குக் கேட்கவில்லை என்றார் ரவிக்குமார். அவருக்கும் சிரிப்பு வரவில்லை. தங்கையா திருப்பூர் ஏஜெண்டிடம் அடுத்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை வேனில் ஒரு சீட்டு வைக்கச் சொல்லியிருந்தார்.

மறுநாள் விசாரணை. முதல்வர் அறையில் எல்லப்பன், கிருஷ்ணம்மாள், ஜஸ்டஸ். எதிரே வாசுகி, அன்னக்கிளி, வரவழைக்கப்பட்ட தங்கையா. சுவரோரம் காப்பி அடித்த மாணவர்கள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார்கள். குற்றச்சாட்டைக் கவனியுங்கள், அதில்தான் இந்த நாட்டின் கல்வி முழுவதும் இருக்கிறது. சத்தம் போட்டார்கள் என்பது மட்டும் குற்றச்சாட்டு இல்லை. இரண்டு பருவமும் தேறாத, நாலு வரி வாசிக்கத் தெரியாத பெண்ணுக்கு இவ்வளவு நல்ல பதில் தெரிந்திருக்க முடியாது. ஆகவே யாரோ எழுதிக் கொடுத்ததை இந்த அம்மாள் மனப்பாடம் செய்துவந்து ஹாலுக்கே ஒப்பித்திருக்கிறார். அந்த யாரோ ஜஸ்டஸாகவும் இருக்கலாம். பதில் தப்பாக இருந்தால் மக்கு. சரியாக இருந்தால் திருட்டு. தப்பிக்க எங்கே வழி வைத்திருக்கிறார்கள் பாருங்கள்.

எல்லப்பன் மோசமான மனிதர் அல்ல. விடைத்தாள்களை முழுவதும் படித்திருந்தார். ஒன்றை எடுத்துக்கொண்டு, சுவரோரம் நின்ற பாபு என்ற பையனைக் கூப்பிட்டு, அப்பா எங்கே வேலை பார்க்கிறார் என்று கேட்டார். வெலிங்டனில், ராணுவ ஸ்டோரில் என்றான். குடியிருப்பது எங்கே? குவார்ட்டர்ஸில் என்றான்.

"அப்படியா. உன் பேப்பர்ல இப்படி எழுதியிருக்கே" என்று எல்லப்பன் வாசித்தார். "'எங்கள் லயத்தில் அரிசி விலை ஏறும்போது கொழுந்து விலை இறங்குகிறது. இரண்டு விலையையும் எங்களைக் கேட்டு யாரும் வைப்பதில்லை. பாரிஸ் பெண்கள் ரொட்டிக்காக அரண்மனை வரை நடந்தது எங்களுக்கு நன்றாகப் புரிகிறது.' உனக்கு எந்த லயத்துல புரிஞ்சுது?"

பாபு காதைச் சொறிந்தான். "எழுதறப்ப யோசிக்கலீங்க சார்."

இன்னொரு விடைத்தாளை எடுத்தார். அதன் சொந்தக்காரியான ரேஷ்மா கோத்தகிரி பஜாரில் ஜவுளிக்கடைக்காரர் மகள். அவளும் லயத்தில் குடியிருந்தாள். அடுத்தவன் டாக்டர் மகன், அவனும் லயத்தில்தான். ஒரே நாளில் அந்தக் கல்லூரியில் பாதிப் பேர் லயத்துக்குக் குடிபோயிருந்தார்கள். கிருஷ்ணம்மாள் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார்.

ஜஸ்டஸ் இதுதான் சமயம் என்று பேசினார். எந்த நோட்ஸிலும் இந்த வரி கிடையாது, நான் நடத்தியதிலும் கிடையாது. எழுதிக் கொடுத்ததில்லை, உள்ளேயிருந்து வந்தது. எல்லப்பன் விடவில்லை. அந்த அம்மாளும் லயத்தில்தானே இருக்கிறார், அவர் சொல்லியிருக்கலாமே என்றார். நியாயமான சந்தேகம்தான்.

அப்போது அன்னக்கிளி பேசினார். மெதுவாகப் பேச முயன்றார். வராந்தாவில் போன ஆட்கள் நின்றார்கள்.

"ஐயா, நான் சத்தமாப் படிச்சது தப்புத்தான். எனக்கு என்னா தண்டனைன்னாலும் குடுங்க. ஆனா ஒண்ணு கேக்கிறேன். இந்தப் புள்ளைகளெல்லாம் படிச்ச புள்ளைக. ஒண்ணுந் தெரியாதவளப் பாத்து யாராச்சும் எழுதுவாகளா?"

எல்லப்பன் பாபுவைத் திரும்பிப் பார்த்தார். ஏன் எழுதினாய் என்று கேட்டார்.

பாபு இந்தத் தடவை காதைச் சொறியவில்லை. "எங்க கிளாஸ்ல வாசுகிக்குத்தான் சார் ஹிஸ்டரி நல்லாத் தெரியும். நாங்க எல்லாரும் பரிச்சைக்கு முன்னாடி அவகிட்டதான் கேட்டுக்குவோம். அது எல்லாருக்கும் தெரியுமே சார்."

எல்லாருக்கும் தெரியும். கல்லூரிக்கு மட்டும் தெரியாது. பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளைகளுக்குத் தெரிந்தது, பாத்திரம் கழுவுகிற பெண்களுக்குத் தெரிந்தது, சீட்டைக் கவிழ்த்து வைத்தவர்களுக்குத் தெரிந்தது. அளக்கிறவர்களுக்குத்தான் தெரியவில்லை, ஏனென்றால் அவர்கள் கையில் இருந்தது ஒரே ஒரு தராசு, அதில் கையெழுத்தை மட்டும்தான் நிறுக்க முடியும்.

ஜஸ்டஸ் சொன்னார், அவளையே கேளுங்கள் சார், இத்தனை நாளும் யாரும் கேட்கவில்லை. எல்லப்பன் விடைத்தாள்களைக் கவிழ்த்து வைத்தார். வாசுகியைப் பார்த்து, கேள்வித்தாளில் இல்லாத ஒரு கேள்வி கேட்டார். அந்த அரசன் நல்லவனாக இருந்திருந்தால் புரட்சி வந்திருக்காதா?

வாசுகி முதலில் தரையைப் பார்த்துப் பேசினாள். குரல் அவளுக்கே கேட்டிருக்காது. அன்னக்கிளி பழக்கதோஷத்தில், "கடைசியில நிக்கிறவுகளுக்குக் கேக்கணும்" என்றார். வாசுகி தலையைத் தூக்கினாள்.

"நல்லவன் கெட்டவன் பிரச்சினை இல்ல சார். ரொட்டி விலை ஏறுனப்ப யாரையும் கேக்கல. வரி போட்டப்பயும் யாரையும் கேக்கல. கேக்காமலே முடிவு பண்ற நாற்காலியில நல்லவன் உக்காந்தாலும் அதேதான் சார் நடக்கும்."

அதோடு நிற்கவில்லை. விளைச்சல் பொய்த்த வருஷத்தைச் சொன்னாள், யார் யார் வரி கட்டவில்லை என்று சொன்னாள், பெண்கள் அரண்மனைக்கு நடந்ததைச் சொன்னாள். எல்லப்பன் குறுக்கே கேட்டார், அதற்கும் சொன்னாள். அவர் விசாரணையை மறந்து, ஒரு நல்ல மாணவியோடு பேசுகிற ஆசிரியராக நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்துவிட்டார். அவர் குடும்பத்துக்கும் ஊர்ப்பக்கம் கொஞ்சம் தேயிலை உண்டு. அவர் அண்ணன் அந்த வருஷம் பச்சை இலையை ரோட்டில் கொட்டியவர்களில் ஒருவர். கேட்காமல் விலை வைப்பது என்றால் என்ன என்று அவருக்கு யாரும் நோட்ஸ் கொடுக்க வேண்டியதில்லை.

தங்கையா மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். லயத்து வாசலில் பல நாள் கேட்ட குரல்தான். ஆனால் நாற்காலிக்காரர்கள் வாயை மூடிக்கொண்டு அதைக் கேட்பதை அவர் அன்றைக்குத்தான் பார்த்தார்.

எல்லப்பன் உள்ளதை உள்ளபடி பல்கலைக்கழகத்துக்கு எழுதினார். அந்தத் தாளை எல்லோரும் மறுபடி எழுத வேண்டும் என்று உத்தரவு வந்தது. வாசுகிக்குத் தனி அறை கட்டாயம். அந்த உடைந்த பெஞ்சுகளை யார் தூக்கினார்கள் தெரியுமா? பாபுவும் லயத்துக்குக் குடிபோன மற்றவர்களும். யாரும் சொல்லாமலே தூக்கினார்கள். ஒழுகிய இடத்தில் தகரம் ஒன்றைச் செருகினார்கள். முடியாது என்று சொல்லப்பட்ட வேலை, ஒரு மத்தியானம்கூட ஆகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வேன் வந்தது. ஏஜெண்ட் லயத்து வாசலில் நின்று ஹாரன் அடித்தார். தங்கையா வெளியே வந்து, என் மகளுக்குப் பரீட்சை இருக்கிறது என்றார். ஏஜெண்ட், போன வாரம்தானே சீட்டு வைக்கச் சொன்னீர்கள் என்று கோபித்துக்கொண்டார். "போன வாரம் எனக்குத் தெரியாது, இப்பத் தெரியும்" என்றார் தங்கையா. வேன் அந்த ஒரு சீட்டைக் காலியாகச் சுமந்துகொண்டு மலையிறங்கியது. அன்று சாயங்காலம் வாசுகி தாயத்தைக் கத்தரிக்கோலால் வெட்டி அடுப்பில் போட்டாள். சாமி குத்தம் ஒன்றும் வரவில்லை. தண்ணீர் கொதித்தது.

மறுபரீட்சை அன்று அன்னக்கிளி தொண்டையில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு வந்தார், அப்படியாவது சத்தம் குறையும் என்று. குறையவில்லை. அறை கட்டடத்தின் கடைசியில் இருந்ததால் யாருக்கும் தொந்தரவில்லை. வராந்தாவில் எல்லப்பன் மட்டும் நடந்துகொண்டிருந்தார். மேற்பார்வைக்காக என்று சொன்னார். எங்கே உட்கார்ந்தால் நன்றாகக் கேட்கும் என்று பார்த்துத்தான் அவர் நாற்காலி போட்டார் என்கிறார் கிருஷ்ணம்மாள்.

வாசுகி தேறினாள். அந்தத் தாளில் மட்டுமல்ல, அடுத்தடுத்து, பட்டம் வரைக்கும். அந்தத் தாளின் முடிவு வந்த அன்று அன்னக்கிளி மடுவத்துக் கொட்டகையில் ஏறி நின்று வாசுகியின் பெயரையும் மதிப்பெண்ணையும் கூவினார். இரண்டு தடவை. எதிர்மலையில் கொழுந்து பறித்தவர்கள் கை தட்டியது கேட்டது.

அதற்கு அடுத்த பருவத்தில் ஒரு நாள் கிருஷ்ணம்மாள் மேடம் லயம் வரை வந்தார். வாசற்படியில் தயங்கி நின்றார். எங்கூட்டுப் பையனும் இப்படித்தானுங்க, வெளியே சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு இருந்தோம், அவனுக்கும் வாசிப்பீங்களா என்று கேட்டார். அன்னக்கிளி முணுமுணுக்காமல் சம்மதித்தார். அதன்பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். தேயிலை விலை ஏறவில்லை, எஸ்டேட்டில் வேலை கூடவில்லை. ஆனால் அந்த வாசற்படியில் சாயங்காலம் பொருளாதாரமும் தாவரவியலும் கேட்டன. லயத்து நாய்க்குக்கூட ஒளிச்சேர்க்கை தெரிந்திருக்கும் என்பார் ரவிக்குமார்.

இப்போது உங்களிடம் வருகிறேன். முதலில் கேட்ட கேள்விக்கு உங்கள் பதில் எனக்குத் தெரியும். யாரும் முட்டாளைப் பார்த்து எழுதுவதில்லை. ஆனால் உங்கள் ஊர்க் கல்லூரியில், உங்கள் தெருவில், ஒருவேளை உங்கள் வீட்டிலேயே, வாயால் சொல்லத் தெரிந்தும் தாளில் கொண்டுவர முடியாமல், மக்கு என்ற பட்டத்தோடு ஒரு பிள்ளை வேனுக்குக் காத்திருக்கிறது. சட்டம் இருக்கிறது, சலுகை இருக்கிறது. கேட்க ஆளில்லாததால் அவை அலமாரியில் தூங்குகின்றன. ஆகவே நாளைக்கே உங்கள் ஊர்க் கல்லூரிக்குப் போங்கள். வாசிக்கச் சிரமப்படும் மாணவர்களுக்குத் தனி அறை எங்கே என்று கேளுங்கள். பெஞ்சுகள் கிடக்கின்றன என்றால் நாலு பேரைச் சேர்த்துத் தூக்கிப்போடுங்கள். சொல்வதை எழுத ஆள் இல்லை என்றால் உங்கள் பெயரைக் கொடுங்கள். நிபந்தனை இடிக்கிறது, நீங்கள் அதிகம் படித்தவர் என்றால், சாயங்காலம் வாசற்படியில் உட்கார்ந்து ஒரு பாடத்தை வாசியுங்கள். கடைசியில் நிற்பவர்களுக்கும் கேட்கும்படி, உரக்க வாசியுங்கள்.